பேசாமடந்தையில் மூன்று பேர்

அந்தப் படகுக்குப் பெயர் கிடையாது. முன்பு வைத்திருந்தவர் பின்பக்கத்தில் எழுதியிருந்த பெயரைச் சுரண்டி எடுத்ததோடு சரி. புதுப்பெயர் வைக்க வேண்டிய இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. பேசாதவர்கள் எங்கே கூடி உட்கார்ந்து பெயர் வைப்பது? படகுத்துறையில் இருந்தவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்களாகவே 'பேசாமடந்தை' என்று வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேரில் ஒருவர் லிஃப்ட்காரர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இன்னொருவன் பேக்கரிக்காரன். மூன்றாவதாக ஒருத்தி உண்டு: லிஃப்ட்காரர் அவளுக்குப் புருஷன், பேக்கரிக்காரன் கூடப்பிறந்த தம்பி. நடுவில் மாட்டிக்கொண்ட அவளோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'எக்ஸ்சேஞ்ச் அக்கா'. பகல் முழுக்க இந்த வார்டுக்கும் அந்த வார்டுக்கும் லைன் கொடுப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது.

படகு வாங்கிய புதிதில் இரண்டு பேரும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். இருபத்தேழு அடிப் படகு, பேக்கரிக்காரனைவிட வயதில் மூத்தது. ஃபைபர் உடம்பு, ஒற்றைப் பாய்மரம், இரண்டு பாய்கள். உள்ளே தலையைக் குனிந்தால் நிற்கலாம். இரண்டு பக்கமும் படுக்கையாகிற நீள இருக்கைகள், ஓர் அடுப்பு, துணி அலமாரி அளவுக்கு ஒரு கழிப்பறை, ஏணிப்படிக்கு அடியில் ஒரு குட்டி டீசல் இஞ்சின். எல்லாவற்றிலும் பூஞ்சை. "ஒரே வருஷத்துல இதை ராணி மாதிரி ஆக்கிடலாம் அத்தான்" என்று பேக்கரிக்காரன் சொன்னான். லிஃப்ட்காரர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். அக்காவுக்கு அதைப் பார்க்கவே வயிறு நிறைந்தது.

கெடுத்தது ஒரு வாளித் தண்ணீர். மேல்தளத்தில் இருந்த பழைய கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டுப் பேக்கரிக்காரன் புதிதாக ஒன்று பொருத்தினான். பேக்கரி அடுப்படியில் நின்ற நேரம் போக மிச்சமிருந்த நேரத்தை எல்லாம் அதற்கே கொடுத்துச் செய்த வேலை. லிஃப்ட்காரருக்கு ஒரு தொழில் குணம் உண்டு: யார் செய்த வேலையாக இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். நம்பினால் ஆள் செத்துவிடுவான் என்கிற தொழில் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துறையே கூடியிருந்த நேரத்தில், வாயைத் திறக்காமல் ஒரு நீல வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கண்ணாடி மூடியின் மேல் கவிழ்த்தார். உள்ளே படுக்கையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. "பன்னு போடுற கைதானே, பன்னு மாதிரியே உள்ள ஓட்டை ஓட்டையா விட்டுட்டான் போல" என்று எவனோ சொல்ல, துறையே சிரித்தது.

பேக்கரிக்காரன் கையில் இருந்ததைக் கீழே வைத்தான். "இனிமே என் வேலையில அவர் கை வைக்கக் கூடாது அக்கா. கண்ணையும் வைக்கக் கூடாது."

"அப்ப என் வேலையையும் அவன் எட்டிப் பார்க்கக் கூடாது. சொல்லிடு உன் தம்பிகிட்ட" என்றார் லிஃப்ட்காரர்.

அன்றைக்குப் பிரிந்தது எல்லை. மேல்தளம், பாய்மரம், பாய், படகின் வெளிப்பக்கம் எல்லாம் தம்பிக்கு. உள்ளறை, இஞ்சின், வயர், பைப் எல்லாம் புருஷனுக்கு. ஒருவர் வருகிற நாளில் மற்றவர் வருவதில்லை. படகு அழகாகிக்கொண்டே வந்தது என்பதுதான் வேடிக்கை. வெளியே முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் பெயிண்ட். உள்ளே ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறம். அக்கா எல்லா மெத்தைக்கும் கருநீல உறை தைத்துப் போட்டாள். இவ்வளவு அழகான பிறகு அந்தப் படகில் இரண்டு பேரும் ஒன்றாகக் கால் வைத்ததே இல்லை என்பது அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

செய்தி மட்டும் அவள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு என்று ஒரு முறை இருந்தது. வருவது முழுவதையும் கேட்டுக்கொள்வாள். வசவை வடிகட்டிவிட்டு வேலைக்கு வேண்டியதை மட்டும் மறுபக்கம் கொடுப்பாள். 'அந்த நட்டு போல்ட்டு மண்டைக்கு அறிவிருந்தா விளக்கை இடது பக்கம் வைக்கும்' என்று வந்தால், 'விளக்கு இடது பக்கம் இருந்தா நல்லாயிருக்குமாம்' என்று போகும். இந்த வடிகட்டலில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தான் இல்லையென்றால் இந்தப் படகு என்றைக்கோ இரண்டாகப் பிளந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

படகின் அடியில் சேருகிற தண்ணீரை வெளியேற்ற ஒரு பம்பு வேண்டும். தண்ணீர் ஏறினால் தானாக ஓடி, வற்றினால் தானாக நிற்கிற பம்பு. உள்ளே பம்பும் பைப்பும் லிஃப்ட்காரர் வேலை. பைப் வெளியே போகிற ஓட்டை, படகின் வெளிப்பக்கம் என்பதால், பேக்கரிக்காரன் வேலை. அந்த வாரம் இரண்டு பக்கமும் வந்த வசவுக்கு அளவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரட்டை ஷிப்ட் வேறு. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. கடைசியில் அவள் கொடுத்தது இவ்வளவுதான். தம்பியிடம்: "பைப் வேலை முடிஞ்சுதாம், நீ ஓட்டை போடலாமாம்." புருஷனிடம்: "ஓட்டை போட்டாச்சாம்." பைப்பையும் ஓட்டையையும் சேர்க்க வேண்டிய இடம் இடது பின்மூலையில், பெரிய கை நுழையாத சந்து. இரண்டு பேர் கையும் போகாது. அக்காவின் கைதான் சின்னது. அவளே தரையில் குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாமல், பைப்பைச் செருகி கிளாம்ப்பை முடுக்கினாள். எழுந்து உட்கார்ந்தபோது, ஒரு லைன் கொடுத்து முடித்த மாதிரி திருப்தியாக இருந்தது.

பழைய துறையைத் தூர்வாரப் போகிறார்கள், எல்லாப் படகும் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புதிய துறைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது அவள் பிடிவாதமாக நின்றாள். "மூணு பேரும்தான் போறோம். இல்லைன்னா படகு இங்கேயே கிடந்து அழுகட்டும்." ஒரு மதியம் முழுக்க ஒரே படகில் அடைத்துப் போட்டால் ஒரு வார்த்தையாவது பேசிவிட மாட்டார்களா என்பது அவள் கணக்கு. ஒரே ஒரு வார்த்தை. அதற்கு மேல் அவள் ஆசைப்படவில்லை.

கிளம்பும்போது மூன்று பேருக்கும் லைஃப் ஜாக்கெட்டை அவளே மாட்டிவிட்டாள். தம்பி மட்டும்தான் நீந்துவான். புருஷனுக்கும் அவளுக்கும் குளியலறைத் தண்ணீர்தான் பழக்கம்.

கடலிலும் எல்லை அப்படியே இருந்தது. பேக்கரிக்காரன் பின்னால் சுக்கான் கட்டையைப் பிடித்து நின்றான். லிஃப்ட்காரர் உள்ளறையில் உட்கார்ந்து தன் வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே, ஏணிப்படியில், இடுப்புக்கு மேல் வெளியிலும் இடுப்புக்குக் கீழ் உள்ளேயுமாக அக்கா உட்கார்ந்திருந்தாள்.

பாயை ஏற்றியதும் இஞ்சினை நிறுத்தினார்கள். காற்று வலது பக்கத்திலிருந்து வந்தது. படகு இடது பக்கமாகச் சாய்ந்து ஓடத் தொடங்கியது. அவள் பயந்துபோய்த் தம்பியைப் பார்த்தாள். "பாய்ப்படகுன்னா சாயும் அக்கா, சாயலைன்னாதான் பயப்படணும்" என்று சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று. இடது பக்கம் தூரத்தில் கரையை ஒட்டிக் கறுப்புப் பாறைகள் நுரை கக்கிக்கொண்டிருந்தன. நேர் எதிரே புதிய துறையின் வாய் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே பம்பு ஓடியது. லிஃப்ட்காரர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, தானா ஓடுது. தானா நிக்கும் பாரு." நின்றது. மறுபடி ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. காற்று வலுத்தது, படகு இன்னும் சாய்ந்தது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ பம்பு ஓடியபோது லிஃப்ட்காரர் முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. எழுந்து தரைப் பலகை ஒன்றைத் தூக்கினார். அடியில் தண்ணீர் பளபளத்தது.

"எவ்ளோ இருக்கு?" என்றாள்.

"இருக்கக் கூடாத அளவு இருக்கு." அவர் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் பயந்தால் குரல் தாழும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். "உன் தம்பிகிட்ட கேளு. மேல எந்த ஓட்டையை அடைக்காம விட்டிருக்கான்னு. பன்னு சுடுறவனுக்கெல்லாம் படகு எதுக்கு?"

அவள் வெளியே தலையைத் திருப்பினாள். "மேல எல்லாம் சரியா மூடியிருக்கான்னு கேக்கறார்."

"மேல ஒரு பொட்டு ஒழுகல. தண்ணி வந்தா அவர் குடித்தனம் நடத்துற இடத்துலேர்ந்துதான் வரும். நக்கிப் பாக்கச் சொல்லு அந்த மேதாவியை, உப்பா நல்ல தண்ணியான்னு."

"உப்புத் தண்ணியா, நம்ம குடிதண்ணி டாங்கு உடைஞ்சிடுச்சான்னு பாக்கச் சொல்றான்."

லிஃப்ட்காரர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "உப்பு."

குடிதண்ணீர் என்றால் டாங்கு காலியானதும் நின்றுவிடும். கடல் எப்போது காலியாவது?

லிஃப்ட்காரர் தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொரு வால்வாகப் பார்த்தார். கழிப்பறை வால்வு, காய்ந்திருந்தது. அடுப்படித் தொட்டி வால்வு, காய்ந்திருந்தது. இஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்கிற வால்வு, அதுவும் காய்ந்திருந்தது. படகைத் தள்ளுகிற புரொப்பெல்லரின் தண்டு வெளியே போகிற இடத்தைக் கையால் தடவினார், அங்கேயும் ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் ஏறுகிறது. சரியாகச் செய்தவனுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. பலகைக்கு மேலே தண்ணீர் வந்து, அவள் தைத்த கருநீல உறையின் விளிம்பை இடது பக்கம் நனைத்தது.

அவள் ரேடியோவை எடுத்துத் துறைமுகத்தைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக் குரலில், பதறாமல், இருக்கிற இடத்தையும் ஆள் கணக்கையும் சொன்னாள். உதவிப் படகு கிளம்புகிறது, ஆனால் மறுமுனையிலிருந்து வர வேண்டும், நேரமாகும் என்று பதில் வந்தது. "அதுவரைக்கும் மிதந்துக்கிட்டு இருங்க" என்றான் அந்த ஆள். நல்ல யோசனைதான் என்று அவளுக்குக் கோபம் வந்தது.

அப்போது பம்பு பாதி ஓட்டத்தில் முனகி நின்றது. அறை விளக்கும் அணைந்தது. இருக்கைக்கு அடியில் இருந்த பேட்டரியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. இனி இஞ்சினையும் கிளப்ப முடியாது.

"பாயை இறக்கச் சொல்லு!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். "சாயாம இருந்தா தண்ணி எங்கேர்ந்து வருதுன்னாவது தெரியும். அந்த முரட்டுப் பயகிட்ட சொல்லு, இது ரேஸ் இல்லைன்னு."

"பாயை இறக்க முடியுமாடா?"

"இறக்கினா அஞ்சே நிமிஷத்துல பாறையில இருப்போம். இஞ்சின் ஓடுதா? ஓடாதுல்ல? அப்ப பாய்தான் உயிர். இது கூடத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கிட்டியே அக்கா."

"முடியாதாம்" என்று உள்ளே சொன்னாள்.

"ஏனாம்?"

"ஏன்னு கேக்கறார்டா."

"பாறை அக்கா, பாறை! கண்ணு தெரியலையா!"

"பாறை இருக்காம்."

"எவ்ளோ தூரத்துல?"

அவள் மறுபடி வெளியே திரும்ப வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. இந்த ஒரு கேள்விக்குள் தண்ணீர் ஒரு படி ஏறியிருந்தது. கால் வைத்திருந்த படியைக் காணோம். ஒருவருக்கு மற்றவர் குரல் நன்றாகவே கேட்கிற தூரம். இருந்தும் இரண்டு பேரும் அவள் வாய்க்காகக் காத்திருந்தார்கள். இவ்வளவு நாளும் லைன் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேனே, நடுவில் அடைத்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருக்கிறேன் என்று பளிச்சென்று தோன்றியது. கூடவே ஓர் ஆத்திரம். இரண்டு பேர் மேலும், தன் மேலும்.

அவள் படியை விட்டு இறங்கினாள். முழங்காலுக்குக் கீழ் சில்லிட்டது. மூலையில் அந்த நீல வாளி மிதந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துத் தண்ணீரை மொண்டு வெளியே வீசினாள்.

"எக்ஸ்சேஞ்ச் மூடியாச்சு!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இனிமே ஒரு வார்த்தை கொண்டு போக மாட்டேன். பேசணும்னா நீங்களே பேசுங்க. இல்லையா, வீம்போட மூணு பேரும் சாவோம். எனக்கு ஒண்ணுமில்லை, ஒரே நாள்ல ரெண்டு பேரையும் இழந்துட்டு நான் மட்டும் உயிரோட இருந்து என்ன பண்ணப் போறேன்?"

ஓர் அலை இடித்தது. அவள் மொண்டாள், வீசினாள், மொண்டாள். யாராவது ஏதாவது சொல்லுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே மொண்டாள். லிஃப்ட்காரர் தண்ணீரையே வெறித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் முழுக்க இடது பக்கம்தான் ஒதுங்கியிருந்தது. அவர் உதடு அசைந்தது. எப்போதிருந்து தண்ணீர் ஏறுகிறது என்று தனக்குள் கணக்குப் போடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு தண்ணீரை உதைத்துக்கொண்டு ஏணிக்கு வந்தார். வெளியே தலையை நீட்டினார்.

"மச்சான்."

பேக்கரிக்காரன் கை சுக்கான் கட்டையில் நழுவியது. படகு ஒரு குலுங்கு குலுங்கி நேரானது.

"சொல்லுங்க அத்தான்."

வாளியோடு அவள் அப்படியே நின்றாள். அழுவதற்கு நேரம் இல்லாததால் மறுபடி மொண்டாள்.

"பம்பு ஓட்டையை எங்கடா போட்டே?"

"இடது பக்கம், பின்னால. கீழ. தண்ணிக்கு நாலு விரல் மேல."

"கீழயா? மேல போடுன்னு சொன்னேனேடா! படகு இந்தப் பக்கம் சாயறப்ப ஓட்டை கடலுக்குள்ள முழுகியிருக்கும்!"

"முழுகினா என்ன? பைப்பை உள்ள மேல வரைக்கும் வளைச்சு இறக்கச் சொன்னேனே, வளைவைத் தாண்டி எப்படித் தண்ணி வரும்? மேல ஓட்டை போட்டா அழுக்குத் தண்ணி பெயிண்ட்ல கோடு கோடா ஒழுகும்னுதான் கீழ போட்டேன்!"

"எங்க வளைக்கிறது? மேல்தளத்துக்கு அடியில கட்டணும், அது உன் எல்லை. நான் நேரா விட்டுட்டு உன்னை ஓட்டையை மேல போடச் சொன்னேன்!"

ஒரு கணம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பம்பு ஓடினால் வெளியே போகிறது. பம்பு நின்றால் அதே பைப் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. இந்தப் படகில் ஓட்டை இருந்ததே இல்லை, இவர்களே போட்டிருக்கிறார்கள். ஆளுக்குப் பாதி.

"திருப்புடா" என்றார் லிஃப்ட்காரர். "அந்தப் பக்கம் சாயட்டும். ஓட்டை வெளிய வந்துடும்."

"அத்தான், திருப்பினா வெளிக்கடல் பக்கம் போவோம். துறை வாய் இதோ தெரியுது. வயிறு நிறையத் தண்ணியை வச்சிக்கிட்டு வெளிய போகச் சொல்றீங்களா? நீங்க நினைக்கிற இடத்துலேர்ந்து வரலைன்னா, திரும்பி வரவே முடியாது. உங்களுக்கு நீச்சல் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது."

"தெரியும்டா, எங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அது வரைக்கும் இது தாங்காது. திருப்பு."

பேக்கரிக்காரன் துறையின் வாயைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வேலையில் அவர் கண்ணைக்கூட வைக்கக் கூடாது என்று சொன்னவன், இப்போது அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை நம்பி மூன்று உயிரைத் திருப்ப வேண்டும். இதில் தான் குறுக்கே பேசக் கூடாது என்று இருந்தது.

"தலையைக் குனிங்க!" என்று கத்திவிட்டு அவன் கட்டையைத் தள்ளினான்.

பாய் படபடவென்று அடித்தது. தண்ணீரால் கனத்துப்போன படகு பாதி திரும்பி, காற்றுக்கு நேராக, அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நகர ஆரம்பித்தது, பாறையைப் பார்த்து. "வாடி, வாடி என் கண்ணு, வந்துடு" என்று பேக்கரிக்காரன் படகிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினான். லிஃப்ட்காரர் வெளியே பாய்ந்து, வாழ்நாளில் தொடாத முன்பாயின் கயிற்றைப் பிடித்து, "எந்தப் பக்கம்டா?" என்று அலறினார். "இழுங்க அத்தான், உங்க பக்கமே, விடாதீங்க!" அவர் இழுத்தார். மூக்கு மெல்ல நகர்ந்தது. பாய் மறுபக்கம் வீங்கியது. உள்ளே இருந்த தண்ணீர் முழுக்க ஒரே மூச்சில் வலது பக்கம் பாய்ந்து அவளை இருக்கையில் தள்ளியது. மெத்தைகள் அவள் மேல் வந்து விழுந்தன. படகு வலது பக்கம் சாய்ந்தது.

அவள் எழுந்து இடது பின்மூலையில் காதை வைத்தாள். களக் களக் என்று இரண்டு தடவை கேட்டது. பிறகு காற்றை உறிஞ்சுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"நின்னுடுச்சு!" என்று கத்தினாள்.

லிஃப்ட்காரர் பெட்டியிலிருந்து ஒரு மர ஆப்பை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் மறுபடி குப்புறப் படுத்தாள், இந்தத் தடவை தண்ணீரில். கிளாம்ப்பை அவிழ்த்து, பைப்பைப் பிடுங்கி, ஓட்டைக்குள் ஆப்பை வைத்து உள்ளங்கையால் குத்திக் குத்தி இறுக்கினாள். அவள் விரல் ஓட்டையைச் சுற்றித் தடவியது. கீழேதான் இருந்தது, நன்றாகவே கீழே. அன்றைக்கும் இதே விரல்தான் தடவியது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது, ஒரு வார்த்தை விடாமல். சமையலறையில் நின்று புருஷன் சொன்னது: 'அந்த அவசரக்குடுக்கை கிட்ட சொல்லு, பைப்பை நேரா விட்டிருக்கேன், ஓட்டையை மேல போடலைன்னா கடல் உள்ள வரும். எந்நேரமும் பின்னால நிக்கப் போறவன் அவன்தான், மடையன், முதல்ல முழுகுறதும் அவனாத்தான் இருப்பான்.' பேக்கரி வாசலில் மாவுக் கையோடு தம்பி சொன்னது: 'உன் புருஷன், அந்தத் திமிர் பிடிச்ச மனுஷன்கிட்ட சொல்லு, பைப்பை வளைக்கலைன்னா தண்ணி திரும்ப வரும். நீச்சல் தெரியாத ஆளு, நான்தான் குதிச்சு இழுத்துட்டு வரணும்.' அவசரக்குடுக்கையையும் மடையனையும் திமிரையும் வடிகட்டி எறிந்தபோது, மிச்சத்தையும் சேர்த்து எறிந்திருக்கிறாள். ஒருவரை ஒருவர் நினைத்துக் கவலைப்பட்ட அந்த வால் பகுதியை ஒரு தடவைகூட அவள் மறுபக்கம் கொடுத்ததில்லை. சண்டையை அணைக்கிறேன் என்று இரண்டு வருடமாக அவள் அணைத்தது இதைத்தான்.

அவள் வெளியே வந்தாள். படகு கனமாக, ஆனால் மூழ்காமல், போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் உதவிப் படகின் ஆரஞ்சு நிறம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பின்னால் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சொல்லி அனுப்பினேன் மச்சான், சத்தியமா."

"நானும்தான் அத்தான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லல" என்றாள். "ரெண்டையும் சொல்லல. ரெண்டுலயும் வசவு இருந்துச்சு. நான் தூக்கிப் போட்டுட்டேன்."

புருஷன் கடலைப் பார்த்தார். தம்பி பாயைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் கோபம் என்பது தெரிந்தது. முதல் தடவையாக ஒரே விஷயத்துக்கு. அவள் வாளியை எடுத்துக் குனிந்து மொண்டு வெளியே வீசிக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. வாளி பாதிதான் நிறைந்தது, வீசுவதற்குள் அதிலும் பாதி கொட்டியது.

"அத்தான்" என்றான் பேக்கரிக்காரன், அவள் பக்கம் திரும்பாமலே. "உங்க பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க. அது ஒரு மக்கு. மரமண்டை. அது பண்ணின காரியத்துக்கு இந்நேரம் மூணு பேரும் மீனுக்குத் தீனியாயிருப்போம். ஊருக்கெல்லாம் லைன் கொடுக்குதாம் பெரிசா. அந்த வாளியை வச்சிட்டு உக்காரச் சொல்லுங்க, அதுக்குக் கை நடுங்குது."

லிஃப்ட்காரர் அவளிடம் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"உன் தம்பி சொல்றான். நீ ஒரு மக்காம். மரமண்டையாம். நீ பண்ணின காரியத்துக்கு இந்நேரம் மூணு பேரும் மீனுக்குத் தீனியாயிருப்போமாம். ஊருக்கெல்லாம் லைன் கொடுக்கறியாம் பெரிசா." கொஞ்சம் நிறுத்தினார். "வாளியை வச்சிட்டு உக்காருவியாம். உனக்குக் கை நடுங்குதாம்."

ஒரு வார்த்தை குறையவில்லை. அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். நடுங்கத்தான் செய்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, நனைந்த பலகையில், இரண்டு பேருக்கும் நடுவில் இல்லாமல் ஓரமாக உட்கார்ந்தாள்.